'கிளாஸ்' என்னும் சொல்லும் நாமும்

கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பப் படிவங்களில் 'வகுப்பு' என்னும் சொல் இரண்டு இடங்களில் வருவதுண்டு. ஓரிடத்தில் மாணவர் பயிலும் வகுப்பைக் கேட்பார்கள். மற்றோரிடத்தில் அவர் பிறந்த வகுப்பைக் கேட்பார்கள். முன்னதற்கு 'எட்டு' என்றும் பின்னதற்கு 'ஆதிதிராவிடர்' என்றும் எழுத வேண்டும். முதன்முறையாகப் படிவத்தைக் கையிலெடுக்கும் பிள்ளைகள் இவ்விரண்டையும் இடம் மாற்றி எழுதிவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை. பள்ளிக்கூடத்து அறைக்கும் மனிதனின் பிறப்புக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் பெரியவர்களே அன்றிப் பிள்ளைகள் அல்லர்.

இச்சொல் எவ்வாறு இவ்விரண்டு பொருளையும் தாங்கி நின்றது என்பதை ஆராயப் புகுந்தால், தமிழகராதியோடு நின்றுவிட முடியாது. 'வகு' என்னும் வினையடியாகப் பிறந்த 'வகுப்பு' பழந்தமிழ்ச் சொல்லே எனினும், இன்று அது சுமக்கும் பொருள்களுட் பல ஆங்கில ஆட்சியில் 'கிளாஸ்' என்னும் சொல்லுக்கு நேராக அதனை நிறுத்தியதால் வந்தவை. அது போதாதென்று, 'கம்யூனிட்டி' என்ற மற்றொரு சொல்லின் சுமையையும் அதன் தலைமேல் ஏற்றினார்கள். அதனாலேயே வகுப்பறையும், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவமும், வகுப்புக் கலவரமும் நம் மொழியில் ஒரே குடும்பத்துச் சொற்களாகக் காட்சியளிக்கின்றன. தொழிலாளர் இயக்கத்தார் இக்குழப்பத்தைத் தவிர்க்க எண்ணிப் போலும், 'வர்க்கம்' என்ற வடசொல்லை எடுத்துக்கொண்டனர். அதுவோ கணிதத்தில் இருபடியையும் குறிக்கும்.

ஆகவே ஆங்கிலச் சொல்லின் பிறப்பையே முதலில் பார்ப்போம்.

'கிளாஸ்' இலத்தீன் மொழியின் 'கிளாஸ்ஸிஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அது 'அழை' என்று பொருள்படும் வினையோடு உறவுடையது என்பது பழமையான விளக்கம். அழைப்பு என்றால் எத்தகைய அழைப்பு? போருக்கு வருமாறு விடுக்கும் அழைப்பு. அழைப்பைக் கேட்டுத் திரண்ட படைக்கும் அதுவே பெயராயிற்று. பிற்காலத்து இலத்தீனில் கப்பற்படையையும் அச்சொல் குறித்தது.

உரோமாபுரியின் ஆறாம் அரசராகிய செர்வியஸ் துல்லியஸ், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் நகரத்தாரின் சொத்தைக் கணக்கெடுத்து அவர்களை ஐந்து 'கிளாஸ்'களாகப் பிரித்தார் என்று உரோம வரலாற்றாசிரியர் லிவி கூறுகிறார். முதல் பிரிவினர் 1,00,000 செப்புக் காசு மதிப்புள்ள சொத்துடையவர்கள். ஐந்தாம் பிரிவினர் 11,000 காசுக்கு உரியவர்கள். முதல் பிரிவினன் வெண்கலத் தலைக்கவசம், மார்புக்கவசம், கேடயம், ஈட்டி, வாள் ஆகிய அனைத்தோடும் களத்துக்கு வரவேண்டும். ஐந்தாம் பிரிவினனிடம் கவணும் கல்லும் இருந்தாற் போதும். படைக்கருவிகளை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டிய காலமாதலின், சொத்தின் அளவே படையில் நிற்கும் இடத்தையும் தீர்மானித்தது.

படையில் நிற்கும் இடம் வாக்களிக்கும் இடமும் ஆயிற்று என்பதுதான் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி. மக்கள் மன்றத்தில் மொத்தம் 193 குழுக்கள். குழு ஒன்றுக்கு ஒரு வாக்கு. அவற்றுள் குதிரைப்படையினரான செல்வருக்கு 18, முதல் பிரிவினருக்கு 80. இவ்விரண்டும் கூடினால் 98. பெரும்பான்மைக்கு 97 போதும். வாக்கெடுப்பு மேலிருந்து தொடங்கும். பெரும்பான்மை கிடைத்தவுடன் நின்றுவிடும். ஆகவே செல்வர்கள் ஒன்றுபட்டுவிட்டால் கீழ்ப்பிரிவுகளை அழைக்கவேண்டிய தேவையே எழாது. அழைப்பு என்று பொருள்படும் சொல்லைக் கொண்டே பலரை அழைக்காமல் விடும் ஏற்பாட்டை அமைத்த திறமையை என்னென்பது!

ஐந்து பிரிவுக்கும் கீழே, சொத்தே இல்லாதவர்கள் அனைவருக்குமாக ஒரே ஒரு குழு இருந்தது. 'சந்ததி' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அவர்களுக்குப் 'புரோலிட்டேரி' என்று பெயர் வைத்தார்கள். அரசுக்கு அவர்கள் தரக்கூடியது பிள்ளைகளை மட்டுமே என்பது கருத்து. இந்த இழிபெயரைத்தான் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பொதுவுடைமையாளர்கள் எடுத்துப் 'புரோலிட்டேரியட்' என்று கொடியில் எழுதினார்கள். அடிமைகளோ இந்தக் கடைசிக் குழுவிலும் இல்லை. எண்ணப்படாதவருக்குப் பிரிவு ஏது?

செர்வியஸ் அரசர் ஒருவரே இவ்வளவு விரிவான ஏற்பாட்டைச் செய்திருப்பார் என்பதை இக்கால வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. தொடக்கத்தில் 'கிளாஸ்ஸிஸ்' ஒன்றே இருந்திருக்கவேண்டும் என்றும், முழுக் கவசம் வாங்கும் வசதியுடையோர் அதற்குள்ளும் ஏனையோர் 'கிளாஸுக்குக் கீழ்' என்றும் வைக்கப்பட்டனர் என்றும் அவர்களுட் பலர் கருதுகின்றனர். பழைய சட்டப் பேச்சு ஒன்றில் இவ்விரு தொடர்களும் வழங்கியதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆவுலஸ் கெல்லியஸ் குறித்துவைத்திருக்கிறார். உள்ளே இருப்பவர், கீழே இருப்பவர் என்ற இரண்டே இரண்டு. சேரியும் ஊரும் அறிந்த நமக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது.

அதே கெல்லியஸின் நூலில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. ஒரு சொல்லின் சரியான வழக்கை அறிய யாரை நம்புவது என்ற பேச்சு எழுந்தபோது, முதற்பிரிவைச் சேர்ந்த எழுத்தாளரைப் பாருங்கள், புரோலிட்டேரியைப் பார்க்காதீர்கள் என்று அறிஞர் ஒருவர் சொல்கிறார். வரிப்பட்டியலின் மொழி அவ்வாறு இலக்கியத்துக்குள் நுழைந்தது. 'கிளாசிக்' என்ற சொல்லின் ஊற்று இதுவே. 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தபோது ஆங்கிலத்தில் வழங்கிய பெயரின் அடியில் உரோமாபுரிச் செல்வனின் சொத்துக்கணக்கு கிடக்கிறது. நாம் வைத்துக்கொண்ட 'செம்மொழி' என்ற பெயரில் அந்தக் கறை இல்லை என்பது நமக்கு மகிழ்ச்சி. திரைப்பட உலகத்தாரோ இன்றைக்கும் 'கிளாஸ்' படம், 'மாஸ்' படம் என்று பிரித்துப் பேசுகிறார்கள். கெல்லியஸ் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டின் உரோம ஆசிரியர் குவின்டிலியன், தம் இளமையில் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் 'கிளாஸ்'களாகப் பிரித்து, திறமைக்கேற்ப வரிசை கொடுத்ததை எழுதியிருக்கிறார். மாதந்தோறும் போட்டி நடக்கும். தோற்றவன் அடுத்த மாதம் மீளலாம். வகுப்பின் தலைமையில் நிற்பதே பெரும்புகழ். படைவரிசையைப் பார்த்து அமைத்த வரிசைதான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. படையில் சொத்து கொடுத்த இடத்தைப் பள்ளியில் முயற்சி கொடுத்தது. முப்பது நாளில் மாறக்கூடிய இடமாக அச்சொல் அங்கே ஆயிற்று. பிற்காலத்தில் ஐரோப்பியப் பள்ளிகள் இம்முறையை விரித்தன. 1599இல் ஏசு சபையினர் வெளியிட்ட கல்வித்திட்டம் வகுப்புகளைப் படிப்படியாக வரையறுத்தது. 1656இல் ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்ட தாமஸ் பிளவுன்ட், 'கிளாஸ்' என்பதற்குக் கப்பற்படை என்றும், மக்களைத் தரவாரியாகப் பிரிப்பது என்றும் பொருள் தந்துவிட்டு, இச்சொல் மிகுதியாக வழங்குவது பள்ளிக்கூடங்களில்தான் என்று சேர்த்திருக்கிறார்.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் மேனாட்டார் பொருளில் வகுப்பு என்பது கிடையாது. பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படித்தனர். மூத்தவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்க்குச் சொல்லிக்கொடுத்தான். எழுத்து மணலில் விரலால் எழுதப்பட்டது. சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதியை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆன்டுரு பெல் என்ற ஸ்காத்துலாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் மணலெழுத்தைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரை வகுப்புகளாக்கி, மாணவரைக் கொண்டே கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் இலண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. அப்பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்து படித்ததில் நம் நாட்டு மணலுக்கும் பங்குண்டு. ஆனால் அந்த மணல் கிடந்த திண்ணைகளுட் பெரும்பாலானவற்றில் சேரிப் பிள்ளைகள் ஏற முடியாது என்பதையும் இங்கே சொல்லாமல் விடலாகாது.

இயற்கை நூலார் இச்சொல்லை எடுத்துக்கொண்ட கதை சுருக்கமானது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட நூலில் உயிர்களையும் தாவரங்களையும் 'கிளாஸ்', அதன்கீழ் வரிசை, பேரினம், சிற்றினம் எனப் பகுத்தார். பாலூட்டிகள் ஒரு வகுப்பு, பறவைகள் ஒரு வகுப்பு என்று நம் பிள்ளைகள் படிப்பது அதன் வழியே. அதே நூலில் மனிதரையும் கண்டத்தாலும் நிறத்தாலும் நான்காகப் பிரித்தார் அவர். செடியை எண்ணிய கை மனிதனையும் எண்ணத் தொடங்கிவிட்டது.

சமுதாயப் பிரிவுக்கு 'கிளாஸ்' என்று வழங்கும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்னர் படிநிலை, குலமுறை என்று பொருள்படும் வேறு சொற்களே மிகுதி. அவை பிறப்பைச் சுட்டின. நீராவி எந்திரமும் பஞ்சாலையும் வந்தபின், பிறப்பால் மட்டும் விளக்கமுடியாத புதுச் செல்வரும் புது ஏழையரும் தோன்றினர். அவர்களைச் சுட்ட, பிறப்பை நினைவூட்டாத ஒரு சொல் வேண்டியிருந்தது. இராபர்ட் ஓவன் 1818இல் உழைக்கும் வகுப்பினர் சார்பில் இரண்டு முறையீடுகளை அச்சிட்டபோது அச்சொல் அரசியல் சொல்லாகவே ஆகிவிட்டது. 1848இல் மார்க்சும் எங்கெல்சும் வெளியிட்ட அறிக்கை அதனை உலகச் சொல்லாக்கியது. எனினும் 'கிளாஸ்' என்றால் என்ன என்று விளக்க மார்க்ஸ் தொடங்கிய அத்தியாயம் முற்றுப்பெறவில்லை. 1883இல் அவர் மறைந்தபின், 1894இல் எங்கெல்ஸ் பதிப்பித்த 'மூலதனம்' மூன்றாம் தொகுதியின் கடைசிப் பக்கத்தில் அது பாதியில் அறுந்து நிற்கிறது.

புகைவண்டி வந்தது; அதிலும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் வந்தன. கூரையில்லாத பெட்டிகளில் ஏழைகளை ஏற்றிச்சென்ற கொடுமையைக் கட்டுப்படுத்த, மூன்றாம் வகுப்புப் பயணிக்கு மூடிய பெட்டியும் இருக்கையும் தரவேண்டுமென 1844இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1974இல் மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது. பெட்டியின் மேலிருந்த மூன்றாம் எண் போய் இரண்டாம் எண் வந்தது. மரப்பலகை பல காலம் மரப்பலகையாகவே இருந்தது. தேர்விலும் அவ்வாறே. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தேறியவரை வகுப்பிட்டு அறிவிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில். பின்னாளில் தலைமையமைச்சரான இராபர்ட் பீல் 1808இல் இரு துறைகளில் முதல் வகுப்புப் பெற்றார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக அம்மொழி நமக்கும் வந்தது. மூன்றாம் வகுப்பில் தேறிய முதல் தலைமுறைப் பட்டதாரியின் பட்டத்தை நம் குடும்பங்கள் சட்டமிட்டு மாட்டியதன் பொருள், முதல் வகுப்பை மட்டுமே மதிப்பவர்க்கு எட்டாதது.

இங்கே ஓர் இடைப்பேச்சு. தேநீர்க் குவளைக்கும் நம் பேச்சில் 'கிளாஸ்' என்றே பெயர். ஆங்கிலத்தில் அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். கண்ணாடியைக் குறிக்கும் சொல் செருமானிய மொழிக் குடும்பத்தது, உரோமாபுரியோடு அதற்குத் தொடர்பில்லை. தமிழ் நாவில் ஒலி ஒன்றானது தற்செயலே. ஆனாலும் தேநீர்க்கடையில் நமக்கென்று தனிக் குவளை ஒதுக்கப்பட்டதை அறிந்தவர்க்கு, இவ்விரண்டும் ஒலியால் மட்டுமே ஒன்று என்று நம்புவது எளிதன்று.

இனி நம்மைப்பற்றி. 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கும் பரவியது. 1906இல் விட்டல் இராம்ஜி ஷிண்டே பம்பாயில் தொடங்கிய தொண்டு நிறுவனமும் அப்பெயரையே தாங்கியது. அதன் முதற்பாதி தாழ்ந்துகிடக்கும் நிலையைச் சொன்னதேயன்றி, தாழ்த்தியவர் யார் என்று சொல்லவில்லை. இராவ்பகதூர் எம். சி. இராஜா அவர்கள் 1925இல் ஆங்கிலத்தில் எழுதிய தம் நூலுக்கு ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்று பொருள்படும் தலைப்பிட்டது இக்குறையை உணர்ந்ததனால் என்றே கருதுகிறோம். தமிழில் 'தாழ்ந்த வகுப்பார்' என்றிருந்தது 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' ஆனதும், 'பிற்பட்டோர்' 'பிற்படுத்தப்பட்டோர்' ஆனதும் அவ்வகையினவே. ஓரிரண்டு எழுத்தைச் சேர்த்துக் குற்றத்தை உரியவர்மேல் வைத்தார்கள். இத்தகைய திருத்தம் ஆங்கிலத்தைவிடத் தமிழில் எளிதாக நிகழ்ந்தது.

பெயரின் பிற்பாதியான 'கிளாசஸ்' என்பதோ வேறுவகைத் தொல்லை. மேலைநாட்டில் அது மாறக்கூடிய நிலையைக் குறித்த சொல். தொழிலாளி முதலாளியாகலாம்; முதலாளி நொடித்துப்போகலாம். நம் நாட்டில் அதைப் பிறப்பின்மேல் ஒட்டினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதி என்பது கதவடைக்கப்பட்ட கிளாஸ் என்று விளக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இவ்விரு சொற்களுக்கும் உள்ள உறவை அதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதாக நமக்குத் தெரியவில்லை. அடைத்தவர் யார், எந்தத் தாழ்ப்பாளால் அடைத்தார் என்பதைத்தான் அக்கட்டுரை ஆராய்கிறது. அகமணமே தாழ்ப்பாள் என்பது அவர் முடிவு.

வட்டமேசை மாநாட்டுக்கு 'டிப்ரஸ்டு கிளாசஸ்' பிரதிநிதிகளாகச் சென்றவர் இருவர்: அம்பேத்கரும், நம் இரட்டைமலை சீனிவாசனும். 1931 நவம்பரில் இருவரும் கையெழுத்திட்டு அளித்த துணைக் கோரிக்கையில், தனித்தொகுதி முதலிய உரிமைகளோடு, இப்பெயரையே மாற்றவேண்டும் என்றும் கேட்டனர். உரிமைகளுக்காகக் கடல் கடந்து சென்ற இடத்தில் பெயருக்காகவும் வாதாடினார்களே என்று சிலர் வியக்கக்கூடும். பெயர் சட்டத்தில் ஏறுமானால் அதுவே பள்ளிச் சான்றிதழிலும் ஏறும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

அவர்கள் எந்தப் பள்ளி அனுபவத்திலிருந்து பேசினார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கோயமுத்தூரில் படித்த காலத்தில், தம் சாதி வெளிப்பட்டுவிடும் என்றஞ்சி, பள்ளிக்கு வெளியே ஒதுங்கியிருந்து, வகுப்புத் தொடங்கும் நேரத்தில்தான் உள்ளே சென்றதாகச் சீனிவாசன் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவும் அவர் துணியவில்லை. சாத்தாராப் பள்ளியில் அம்பேத்கர் ஒரு மூலையில், வீட்டிலிருந்து தாமே கொண்டுசென்ற சாக்குத் துணியின்மேல் தனித்து உட்காரவேண்டும். மாலையில் அதைச் சுருட்டி எடுத்துச்செல்லவும் வேண்டும், ஏனெனில் பள்ளியைப் பெருக்கும் ஆளும் அதைத் தொடமாட்டான். வகுப்பின் காரணமாக வகுப்புக்குள் இடமின்மை என்பதை இவ்விருவர் உடம்பால் அறிந்தவர்கள்.

கோரிக்கை எவ்வாறு நிறைவேறியது? 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் 'டிப்ரஸ்டு' என்பதை நீக்கியது. ஆனால் 'கிளாசஸ்' என்பதையும் நீக்கி, அவ்விடத்தில் 'காஸ்ட்ஸ்' என்று வைத்தது. 1936இல் பட்டியல் வெளியாயிற்று. நாம் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' ஆனோம். கிளாஸ் என்ற முகமூடி போய்ச் சாதி என்ற உண்மைப் பெயர் சட்டத்தில் ஏறியது. இதனால் இழந்ததைவிடப் பெற்றது மிகுதி என்பதே நம் கருத்து. நோயின் பெயரை மறைத்து எழுதிய சீட்டுக்கு மருந்து கிடைப்பதில்லை.

பிற்படுத்தப்பட்டோர்க்கு 'கிளாஸ்' என்ற சொல்லே நிலைத்தது. வழக்குகளும் அதையே சுற்றிவந்தன. சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையை 1951இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய 'கிளாஸ்'களுக்கு வழிசெய்தது. அந்தக் கிளாஸ் சாதிதானா? 1962இல், சாதி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது என்றது நீதிமன்றம். 1968இல் சென்னை மாநில வழக்கொன்றில், ஒரு சாதியும் குடிமக்களின் ஒரு கிளாஸே என்றது. 1992இன் மண்டல் வழக்குத் தீர்ப்பும் சாதி பெரும்பாலும் ஒரு சமூகக் கிளாஸாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 1916இல் இளைஞர் ஒருவர் கட்டுரையாகப் படித்ததை நீதிமன்றம் வந்தடைய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

இன்னும் ஒரு திருப்பம். பட்டியல் சாதியினர் அனைவரும் பிரிக்கவொண்ணாத ஒரே கிளாஸ் என்று 2004இல் ஆந்திர மாநில வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. நம் மாநிலம் 2009இல் அருந்ததியர்க்கு மூன்று விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியபோது, அத்தீர்ப்பு அதன் எதிரே நின்றது. 2024 ஆகஸ்டு முதல் நாளன்று ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம், அறுவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, பழைய தீர்ப்பை மாற்றியது. பட்டியலுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்றும், மாநிலங்கள் அதற்கேற்ப உட்பிரிவு செய்யலாம் என்றும் கூறியது. இத்தீர்ப்பினால் நம் ஒற்றுமை குலையும் என்று வருந்துவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு நாம் உடன்படவில்லை. துப்புரவுத் தொழிலிலிருந்து பெற்றோர் விடுபடாத வீட்டுப் பிள்ளையும், இரண்டு தலைமுறையாக அரசுப்பணியில் இருக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்றால் அழைப்பு யார் காதில் முதலில் விழும் என்பதை நாம் அறிவோம். 98 குழுக்கள் வாக்களித்தவுடன் மன்றத்தைக் கலைத்துவிடும் உரிமை நமக்கும் இல்லை.